காஞ்சியின் குடலை இட்லி

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளைச் சேவித்து, அத்திகிரியின் 24 படிகளையும் மெல்ல இறங்கி வரும் முதியோருக்குக் கால் ஓய்வு கேட்கும். வயிறு பிரசாதம் கேட்கும். அங்கே குடலை இட்லி கிடைத்துவிட்டால் பாக்கியமே! புளித்த அரிசி உளுந்து மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வார்த்து, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்தெடுத்த நீண்ட உருளையைத் துண்டு துண்டாக அறுத்து வழங்குவர். சட்னி, சாம்பார் எதற்கு? உணவகங்களில் இதே பெயர் சொல்லி டம்ளரில் வார்த்துத் தருவதில் காரம் இருக்கலாம். மந்தாரை மணம் ஏது? தூணோரம் அமர்ந்த பெரியவர் ஒருவர் பாதியை உண்டு, மீதியை இலையோடு மடித்துக்கொள்கிறார். படியேற இயலாத மனையாள் வீட்டில் காத்திருக்கிறாள்.