புளி, சாம்பல், கொஞ்சம் பொறுமை

மார்கழி பாதி கழிந்துவிட்டால் எங்கள் அம்பாசமுத்திரம் வீட்டில் மச்சிலிருந்து பித்தளைச் சாமான்கள் இறங்கத் தொடங்கும். தவலை, சருவச்சட்டி, உருளி, குடங்கள், ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் இரவல் போய்வரும் கொப்பரை, இவற்றோடு பூசை அறைக் குத்துவிளக்குகளும் சேர்ந்துகொள்ளும். வருஷம் முழுக்கக் காற்றும் ஈரமும் பட்டுக் கறுத்துப்போன அத்தனையும் கிணற்றடிக்கு வந்து சேரும். தை பிறப்பதற்குள் எல்லாம் பளபளத்தாக வேண்டும்.

ஆச்சிக்கு அப்போதே எழுபது வயதுக்கு மேல். கையில் வலு இல்லை. ஆனால் எங்கள் தெருவில் அவள் விளக்கிய சாமானுக்கு ஈடு கிடையாது. சாமான்களைக் கண்ட உற்சாகத்தில் நாங்கள் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு பாய்வோம். அவள் தடுப்பாள்.

“ஏட்டி, போட்டு அமுக்காத. என்ன அழுக்குன்னு மொதல்ல பாரு. எண்ணெயா, களிம்பா, கரியா? அதது போற வழி வேற வேறல்லா.”

குத்துவிளக்கில் அவள் சொன்னதன் முழு அர்த்தமும் தெரியும். விளக்கின் தகழியில் எண்ணெய் இறுகி, பிசினாக ஒட்டியிருக்கும். அதன் அடியில் பித்தளைக் கறுப்பு. புளியை நேரே போட்டுத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு விடாது. புளியால் கறுப்பைத் தொடவே முடியாது. அதனால் ஆச்சி முதலில் சலித்த அடுப்புச் சாம்பலைக் காய்ந்தபடியே தூவி, பழைய துணியால் துடைப்பாள். சாம்பல் எண்ணெயைக் குடித்துக்கொண்டு உதிர்ந்துவிடும். மிச்சப் பிசுக்குக்குச் சீயக்காய்த் தூளும் வெதுவெதுப்பான தண்ணீரும். அதன் பிறகுதான் புளி.

புளி என்றால் குழம்புக்கு எடுக்கும் நல்ல புளி இல்லை. கரைத்துப் பிழிந்த சக்கை, கோதோடு கிடக்கும் பழம்புளி. அதில் ஒரு பிடி கல் உப்பைப் பிசைந்து விளக்கின் மேல் அப்பிவிட்டு, “கொஞ்ச நேரம் கெடக்கட்டும்” என்று அடுத்த சாமானுக்குப் போய்விடுவாள். நான் அந்த விளக்கின் எதிரே குந்திக்கொண்டு பார்த்திருப்பேன். புளி அப்பிய இடத்தில் கறுப்பு மெல்லக் கரைந்து, ஓரத்தில் ஒரு பச்சைச் சாறு வடியும். விரலால் வழித்தால் அடியில் ரோஜா கலந்த மஞ்சள் நிறம் எட்டிப் பார்க்கும். தேய்க்கவே வேண்டாம், நேரம் தேய்த்துக்கொடுத்துவிடும்.

ஆனால் அங்கேயே நிறுத்தினால் மறுநாளே விளக்கு மங்கிவிடும். புளிச்சாறு ஒட்டியிருந்தால் பித்தளை மீண்டும் கறுக்கும். நன்றாக அலசி, சாம்பலால் ஒரு தேய்ப்பு, மறுபடி அலசல், ஈரம் போகத் துடைத்து வெயிலில் கவிழ்ப்பது. கடைசியில் காய்ந்த விபூதியை மெல்லிய துணியில் தொட்டு ஒரு மெருகு. ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம் என்பதும், அது செம்பின் ஆக்சைடைக் கரைக்கிறது என்பதும், விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் காரம் என்பதால் எண்ணெயைப் பிரித்து மிச்ச அமிலத்தையும் சமன் செய்கிறது என்பதும் நான் கல்லூரிக்குப் போய்ப் படித்தவை. அவள் கையில் அந்தப் பாடம் வரிசை மாறாமல் இருந்தது.

அவளுடைய சாமர்த்தியம் அழுக்கு வருமுன்னேயே தொடங்கிவிடும். விறகடுப்பில் பானையை ஏற்றுமுன் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து அடியில் பூசிவிடுவாள். கரி அந்தப் பூச்சில்தான் பிடிக்கும். கழுவும்போது பூச்சோடு கரைந்து போய்விடும். பால் சட்டியில் காய்ந்த பால் ஒட்டுமுன் பச்சைத்தண்ணீர் ஊற்றி வைப்பாள். சுடுதண்ணீர் ஊற்றினால் பால் வெந்து இறுகிவிடும் என்று சொல்வாள். அதுவும் உண்மைதான், பாலின் புரதம் சூட்டில் கெட்டிப்படும். அடிப்பிடித்த சட்டியை யாரும் கரண்டியால் சுரண்டக்கூடாது. தண்ணீரும் உப்பும் போட்டு ஒரு கொதி விட்டு இறக்கிவைத்தால் காலையில் தானாகக் கழன்று வரும்.

உப்புத்தண்ணீர் நின்று வெள்ளை படிந்த வாளிக்குப் புளித்த மோர் அல்லது பிழிந்த எலுமிச்சை மூடி. அரிக்கேன் விளக்கின் சிம்னிக்குத் துணியில் தொட்ட விபூதி. நிலைக்கண்ணாடிக்கு ஈரம் தொட்டுக் கசக்கிய செய்தித்தாள். பட்டுப்புடவைக்கு ஊறவைத்த பூந்திக்கொட்டையின் நுரை. பெருக்கும்போது தூசி கிளம்பாமலிருக்கத் தரையில் லேசாகத் தண்ணீர்த் தெளிப்பு. ஒட்டடை எப்போதும் மேலிருந்து கீழே. வீடு பெருக்கியபின் ஒட்டடைக் கம்பை எடுத்தவர்களை அவள் ஒருபோதும் மன்னித்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு மின்விசிறி வந்தபோது ஆச்சிக்கு அதன் வழி தெரியவில்லை. சித்திதான் கண்டுபிடித்தாள். பழைய தலையணை உறையை இறக்கைக்குள் நுழைத்து, இரண்டு பக்கமும் அழுத்தி இழுத்தால் தூசி முழுக்க உறைக்குள்ளேயே விழுந்துவிடும். கட்டில் மேல் ஒரு துகள்கூடச் சிந்தாது. ஆச்சி அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது நல்லாயிருக்கே” என்றாள். அன்று சித்தியின் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை.

அண்ணன்மாரும் எங்களோடு உட்கார்ந்துதான் சாமான் விளக்கினார்கள். “திங்குறவன் வெளக்கவும் செய்யணும்” என்பது ஆச்சியின் சட்டம். கிணற்றடியில் பெண்பிள்ளை, ஆண்பிள்ளை என்ற பேச்சுக்கே இடம் இருந்ததில்லை.

இன்று என் வீட்டில் விறகடுப்பு இல்லை, சாம்பலும் இல்லை. ஆனாலும் ஆச்சியின் கேள்வியைக் கேட்காமல் நான் எதன் மேலும் கை வைப்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சமையல் சோடா அல்லது சீயக்காய். உப்புக்கறை, களிம்பு என்றால் எலுமிச்சை, புளி, வினிகர். இரண்டையும் ஒன்றாய்க் கலந்து நுரை பொங்குவதைப் பார்த்துப் பலரும் மயங்குகிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டால் மிஞ்சுவது பெரும்பாலும் வெறும் உப்புத்தண்ணீர்தான். தனித்தனியே, வரிசையாய்ப் போட்டால்தான் பலன். மார்பிள் தரையிலும் மொசைக்கிலும் எலுமிச்சையும் புளியும் படவே கூடாது. சுண்ணாம்புக்கல்லை அமிலம் அரித்து மெருகைத் தின்றுவிடும். அலுமினியச் சட்டிக்குச் சோடா வேண்டாம், கறுத்துப்போகும்.

பாட்டில் பாட்டிலாக வாங்கி அடுக்குமுன் அஞ்சறைப்பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள். விடுமுறை நாளில் உங்கள் பிள்ளைகளை, மகனையும் மகளையும் சேர்த்து, ஒரு பித்தளை விளக்கின் முன் உட்காரவையுங்கள். எது எதைக் கரைக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். கூடவே இதையும் சொல்லிவையுங்கள்: பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ வினிகரையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும். ஆளையே கொல்லவும் செய்யும்.