மன்னாருக்கு எந்த வில்லை?

மன்னாருக்குச் செல்வோர் பலர், கமராவுடன் கூடவே கிடைத்த 18–55 மில்லிமீற்றர் வில்லையையே கொண்டு செல்கின்றனர். அது போதுமா? பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் முன் நிற்பவர்க்கு இக்கேள்வியே எழாது. அராபிய வணிகர் நட்டதென்று சொல்லப்படும் அம்முதுமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர்; சற்றே பின்வாங்கினால், 18 மில்லிமீற்றரில் கிளைகளோடு முழுதும் அடங்கிவிடும். கோட்டையும் அவ்வாறே.

வங்காலைச் சரணாலயத்துப் பூநாரைகளின் கதை வேறு. ஆழமற்ற நீரில் தொலைவில் மேயும் அவை, 55இல் வெறும் வெண்புள்ளிகளே. நெருங்கிச் சென்றாலோ கூட்டமாய் எழுந்துவிடும். பாவம், அவற்றின் இரையும் ஓய்வும் கெடும். 300 மில்லிமீற்றர் வில்லை, நின்ற இடத்திலிருந்தே அவற்றை ஐந்து மடங்குக்கு மேல் பெரிதாக்கித் தரும். பறவைகளையே நாடிச் செல்பவர் அதனை வாங்கலாம். முதலில் இரவல் பெற்றுப் பார்ப்பது உத்தமம். ஏனையோர் அப்பணத்தை மாசி மாதத்தில் இன்னொரு பயணத்துக்கு வைத்திருக்கட்டும்.