வேலிக்கும் ஒரு காவல்

வேலியே பயிரை மேயத் தொடங்கினால் பயிரைக் காப்பவர் யார் என்று முன்னோர் கேட்டனர். கேள்வி பழையது, விடையையோ ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமே வேலியாக நின்று, பின்னர் அவ்வேலிக்கு ஒரு காவல் தேடி முப்பது ஆண்டுகள் மக்கள் மன்றத்தில் உழைத்த ஒருவருடைய வாழ்வு, அவ்விடையைத் தேடுவோர்க்குப் பாடமாகும் தகுதி உடையது. அவர்தாம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காவலராகப் பணியேற்று, அந்நகரின் மேயராக உயர்ந்த டாம் பிராட்லி.

பிராட்லி 1917ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29ஆம் நாள், டெக்சஸ் மாநிலத்தில் கால்வர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் அடிமைகளின் பேரன். பெற்றோர், பிறர் நிலத்தில் வாரத்திற்குப் பருத்தி பயிரிட்ட ஏழை உழவர். வாரக் குடியானவனின் கணக்கு நிலக்கிழாரின் ஏட்டில் எழுதப்படுவது. அறுவடை முடிந்த பின் உழைத்தவன் கையில் பெரும்பாலும் கடனே மிஞ்சும். அவ்வாழ்வை உதறிவிட்டு மேற்கு நோக்கிப் புறப்பட்ட அக்குடும்பம் 1924இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்தது. தந்தை தொடர்வண்டிப் பணியாளரானார். தாய் பிறர் இல்லங்களில் பணிப்பெண்ணாக உழைத்தார். மகனுக்குப் படிப்பும் வந்தது, ஓட்டமும் வந்தது. பள்ளியில் சிறந்த ஓட்டப் பந்தய வீரராக விளங்கிய அவர், அத்திறமையின் துணையால் 1937இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் சேர்ந்தார். எனினும் படிப்பு முடியுமுன்னரே, 1940இல், நகரக் காவல் துறையில் வேலை ஏற்றுக்கொண்டார்.

அக்காலத்து அந்நகரக் காவல் துறையில் கறுப்பின அதிகாரிகள் சிலரே இருந்தனர். அவர்களுக்கென்று சில வட்டாரங்களும் சில பணிகளும் ஒதுக்கப்பட்டிருந்தன. சுற்றுக்காவல் வண்டியில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அருகருகே அமர்ந்து செல்லும் வழக்கம் இல்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று உறுதிமொழி கூறிச் சீருடை அணிந்தவர்கள், வண்டியின் இருக்கையில் சமமாக அமர இயலவில்லை! பிராட்லி தமக்கு வீடு வாங்க முற்பட்டபோதும் இதே கதைதான். வெள்ளையர் வாழ்ந்த பகுதியில் கறுப்பினத்தவருக்கு வீடு விற்க எவரும் முன்வராமையால், வெள்ளை இன நண்பர்களின் வாயிலாகவே அவர் அவ்வீட்டை வாங்க நேர்ந்தது. ஊரைக் காக்கும் காவலர், அவ்வூரில் குடியிருக்கப் பிறர் பெயரைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் கண்டு அவர் துறையை வெறுத்து ஓடவில்லை. கைகட்டி வாளாவிருக்கவும் இல்லை. பணி செய்துகொண்டே மாலை வேளைகளில் சட்டம் பயின்றார். காவல் துறையில் லெப்டினண்ட் பதவி வரை உயர்ந்தார். அக்காலத்தில் அத்துறையில் கறுப்பினத்தவர் எட்டியிருந்த மிக உயர்ந்த பதவி அது. அதற்கு மேலே கதவு அடைபட்டிருப்பதை உணர்ந்த அவர், ஏறத்தாழ 21 ஆண்டுகள் பணியாற்றிய பின் விலகி, வழக்கறிஞராகத் தொழில் நடத்தலானார்.

1963இல் அவர் மாநகர மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டுக்கு முன் அம்மன்றத்திற்குக் கறுப்பினத்தவர் ஒருவரும் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. அவரைத் தேர்ந்தெடுத்த பத்தாம் தொகுதியில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஆசிய வழியினரும் கலந்து வாழ்ந்தனர். பல்லினத்தார் வாக்கைப் பெற்று வந்தவர் ஓரினத்தின் குரலாக மட்டும் ஒலித்தல் இயலாது. அந்தப் பாடத்தை அவர் தம் முதல் தேர்தலிலேயே கற்றார், இறுதிவரை மறக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1965 ஆகஸ்டில், வாகனம் ஓட்டிச் சென்ற ஒரு கறுப்பின இளைஞரைக் காவலர் நிறுத்திக் கைது செய்ததிலிருந்து வாட்ஸ் பகுதியில் பெருங்கலகம் மூண்டது. ஆறு நாள் எரிந்த அந்நெருப்பில் 34 பேர் உயிரிழந்தனர். காவல் துறைத் தலைவர் வில்லியம் பார்க்கரின் போக்கை வெளிப்படையாகக் குறை கூற அந்நாளில் பலரும் அஞ்சினர். பிராட்லி அஞ்சவில்லை. துறையின் உள்ளும் புறமும் அறிந்தவர் கேட்ட கேள்விகளை, ஒன்றும் அறியாதவர் கூற்று என்று ஒதுக்கிவிட இயலவில்லை.

ஆயினும் அந்தத் துணிவுக்கு அவர் விலை கொடுக்க நேர்ந்தது. 1969இல் அவர் மேயர் பதவிக்குப் போட்டியிட்டு, முதற்கட்டத் தேர்தலில் முன்னணியில் நின்றார். அப்போது மேயராக இருந்த சாம் யார்ட்டி மக்கள் உள்ளத்தில் அச்சத்தை விதைத்தார். பிராட்லி காவல் துறைக்குப் பகைவர் என்றும், அவர் மேயரானால் காவலர் பலர் வேலையை விட்டு விலகுவர் என்றும் பரப்புரை செய்யப்பட்டது. தம் இளமை முழுவதையும் காவல் பணிக்கே ஈந்த ஒருவரைக் காவலின் பகைவர் என்றனர். மக்களில் பெரும்பாலோர் அதை நம்பவும் செய்தனர். இறுதிக்கட்டத்தில் அவர் தோற்றார். நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்து, 1973இல் அதே யார்ட்டியை எதிர்த்து வென்றார். அந்நகர மக்களுள் கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே. யூதர், வெள்ளையர், ஸ்பானிய மொழி வழியினர், ஆசியர் ஆகிய பலருடைய நம்பிக்கையே அவரை அரியணை ஏற்றியது.

தொடர்ந்து ஐந்து முறை வென்று இருபது ஆண்டுகள் அவர் மேயராக இருந்தார். நகர ஆணையங்களில் அதுவரை அதிகம் இடம் பெறாத பெண்களையும் சிறுபான்மையினரையும் அமர்த்தினார். 1984இல் ஒலிம்பிக் போட்டிகளை ஏற்று நடத்தியபோது, நட்டம் வரி செலுத்துவோர் தலையில் விழாதவாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டது. போட்டிகள் முடிந்தபோது 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம் நின்றது. 1982இல் கலிபோர்னியா மாநில ஆளுநர் பதவிக்கு அவர் போட்டியிட்டார். கருத்துக் கணிப்புகள் அவரே வெல்வார் என்றன. பதிவான பல இலட்சம் வாக்குகளில் ஓர் இலட்சத்திற்கும் குறைவான வேறுபாட்டில் அவர் தோற்றார். கணிப்பாளரிடம் ஆதரவு கூறிவிட்டு, வாக்குச் சாவடியில் நிறம் பார்க்கும் மனப்போக்குக்கு அவர் பெயரையே சூட்டி அரசியல் அறிஞர் வழங்கலாயினர். அஞ்சல் வாக்குகள் முதலிய வேறு காரணங்களைக் காட்டுவோரும் உண்டு.

இத்தனை புகழ் பெற்றவருக்கும் அவிழ்க்க முடியாத முடிச்சு ஒன்று இருந்தது. அது அவர் தாமே சீருடை அணிந்திருந்த காவல் துறைதான். அரசியல்வாதிகளின் தலையீட்டிலிருந்து துறையைக் காப்பதற்கென 1930களில் செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி, காவல் துறைத் தலைவரை மேயர் எளிதில் நீக்க இயலாது. நல்ல நோக்கத்தோடு எழுப்பிய மதில், காலப்போக்கில் எவருக்கும் கட்டுப்படாத கோட்டையாயிற்று. மேயரின் கையில் இருந்தது ஐவர் கொண்ட காவல் ஆணையத்தை நியமிக்கும் உரிமையே. அவ்வழியே சிறு சிறு மாற்றங்கள் வந்தன. கைது செய்யும்போது கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் முறையால் உயிர்கள் போனமையால், 1982இல் ஆணையம் அதனைக் கட்டுப்படுத்தியது. ஆனால், 1978 முதல் துறைத் தலைவராக இருந்த டேரில் கேட்ஸ் தம் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. மேயர் பொறுமை காத்தார். காவலராக இருந்த நாளில் அவரை உயர்த்திய அதே பொறுமை, மேயராக இருந்த நாளில் அவருடைய குறையாகவும் மாறிற்று. நம்மவரே ஆள்கிறார், ஆயினும் நம் தெருவில் அடி குறையவில்லையே என்று அவருடைய இனத்தார் கேட்ட கேள்விக்கு அவரிடம் நேரான விடை இல்லை.

1991 மார்ச் 3ஆம் நாள் ராட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரைக் காவலர் சூழ்ந்து அடித்த காட்சியை, அருகே குடியிருந்த ஒருவர் ஒளிப்படக் கருவியில் பதிவு செய்தார். உலகமே அதனைக் கண்டது. பிராட்லி வாரன் கிறிஸ்டோபர் தலைமையில் தனி விசாரணைக் குழு அமைத்தார். கேட்ஸ் பதவி விலகவேண்டும் என்றும் கேட்டார். கேட்ஸ் மறுத்தார். ஒரே நகரைக் காக்க வேண்டிய இருவர் ஓராண்டுக்கு மேல் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அந்நிலையில், 1992 ஏப்ரல் 29இல், வழக்கில் நின்ற காவலர் நால்வரில் எவரும் தண்டனை பெறவில்லை என்னும் தீர்ப்பு வந்தது. நகரம் மீண்டும் எரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 100 கோடி டாலர் பொருட்சேதம் விளைந்தது. தீர்ப்பைக் கண்டித்து மேயர் பேசிய சினச் சொற்களே தீக்கு நெய்யாயின என்று பழித்தோரும் உண்டு.

வாட்ஸ் கலகத்தின்போது குறை கூறியவர் அவர். இப்போது குறை கேட்கும் இடத்தில் நின்றவரும் அவரே. இடையில் கழிந்த 27 ஆண்டுகள் என்ன செய்தன? நல்லவர் ஒருவர் தலைமையேற்றால் அனைத்தும் சீர்ப்படும் என்னும் நம்பிக்கை பொய்த்தது. விதி சரியில்லாத இடத்தில் நல்லவரின் நல்லெண்ணம் கரையில்லாத ஆற்றின் நீரைப்போல வீணாகும் என்பதே அத்தீ எழுதிச் சென்ற பாடம்.

அப்பாடம் வீண்போகவில்லை. கிறிஸ்டோபர் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, 1992 ஜூன் 2இல் நகரச் சாசனத் திருத்தம் மக்கள் வாக்குக்கு விடப்பட்டு நிறைவேறியது. காவல் துறைத் தலைவரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். இன்னும் ஒரு முறை மட்டுமே நீட்டிக்கலாம் என்று வரையறுக்கப்பட்டது. கேட்ஸுக்குப் பின் வந்த வில்லி வில்லியம்ஸ் அப்பதவியேற்ற முதல் கறுப்பினத்தவர். 1997இல் அவருக்கு இரண்டாம் முறை பதவி வழங்கப்படவில்லை. அவரை அடுத்து வந்த பெர்னார்டு பார்க்சும் கறுப்பினத்தவரே. 2002இல் அவருக்கும் பதவி நீட்டிக்கப்படவில்லை. புதிய விதி நிறம் பார்க்கவில்லை. தன்னவர், பிறர் என்னும் வேறுபாடும் பார்க்கவில்லை. வேலிக்கு இட்ட காவல் அத்தகையதாகத்தான் இருத்தல் வேண்டும்.

பிராட்லி குறையே இல்லாதவரல்லர். 1989இல் அவருடைய பண உறவுகள் பற்றி விசாரணை எழுந்து, அபராதம் செலுத்தும் நிலை வந்தது. 1993இல் அவர் மீண்டும் போட்டியிடாமல் ஒதுங்கினார். 1996இல் நோய்வாய்ப்பட்டுப் பேச்சை இழந்தார். அடக்கமாகப் பேசியே அரை நூற்றாண்டு பொதுவாழ்வு நடத்தியவரின் இறுதி ஆண்டுகள் மௌனத்தில் கழிந்தன. 1998 செப்டம்பர் 29இல், தம் 80ஆம் வயதில், அவர் மறைந்தார்.

திருவள்ளுவர் செங்கோன்மை என்னும் அதிகாரத்தை அடுத்துக் கொடுங்கோன்மை என்னும் அதிகாரத்தை வைத்தார். இரண்டுக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு என்பதை அவ்வைப்பே உணர்த்துகிறது. அந்தக் குறுகிய இடைவெளியில் ஒரு வரம்பு கட்டப் பிராட்லிக்கு ஒரு வாழ்நாள் வேண்டியிருந்தது. அவ்வரம்பு எழுந்த ஓராண்டில் அவர் பதவியை விட்டு நீங்கினார். அதன் பயனைத் தம் ஆட்சியில் நுகரும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. வகுப்பறையில் நல்லவராக இரு என்று மாணவனுக்குச் சொல்லும் ஆசிரியர், நல்ல விதியை ஆக்கவும் கற்றுக்கொள் என்பதையும் சேர்த்துச் சொல்வாராயின், பருத்திக் காட்டில் பிறந்த அப்பெரியவரின் உழைப்பு இன்னும் சில இடங்களில் பயிராகும்.