கண்டெடுத்தவர் பெயர்

சிதம்பரத்தைச் சுற்றிக் கல்லே கிடையாது. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே கிடக்கும் வண்டல் பூமி இது. தோண்டினால் களிமண், இன்னும் தோண்டினால் மணல். அவ்வளவு பெரிய கோயிலுக்கும் கல் வெளியிலிருந்துதான் வந்தது. இப்படிப்பட்ட ஊரில்தான் எங்கள் காலனி மாலைப் பள்ளிப் பிள்ளைகள் பத்தொன்பது பேர் கல் சேர்க்கிறார்கள்.

தொடங்கி வைத்தவள் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். ரயில் பாதை ஓரத்திலிருந்து ஒரு ஜல்லியை எடுத்து வந்து, "அண்ணா, இது எந்த ஊருக் கல்லு?" என்று கேட்டாள். (ரயில்வே சொத்து. அதிகாரிகள் மன்னிக்க வேண்டும்.) எனக்குத் தெரியவில்லை. நான் படித்தது வரலாறு. எங்கள் தெருவிலிருந்து ஜியாலஜி படிக்கப் போன முதல் தம்பி அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு. அவனை அழைத்து வந்தோம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் கல்லுக்கு என்று ஆகிவிட்டது.

பெரிய செலவு எதுவும் இல்லை. முட்டைக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைதான் பெட்டி. கல்லின் மூலையில் வெள்ளை ஒயிட்னர் ஒரு பொட்டு, அதன்மேல் பேனாவால் எண். நகத்தால் கீறினால் கோடு விழுகிறதா, கண்ணாடியை அது கீறுகிறதா என்று பார்ப்போம். ஓட்டின் பளபளப்பில்லாத அடிப்பக்கத்தில் தேய்த்தால் என்ன நிறம் இறங்குகிறது என்று குறிப்போம். சுண்ணாம்புக்கல்லா என்று சந்தேகம் வந்தால் எலுமிச்சைச் சாறு, லேசாக நுரைக்கும். குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறியபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தை எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை.

"வன்கொடுமை வழக்கு பாதியில் நிற்கிறது, நீங்கள் கல் பொறுக்கிக்கொண்டு இருக்கிறீர்களா?" என்று ஒரு தோழர் கோபப்பட்டார். நியாயமான கோபம். ஆனால் ரோகித் வெமுலா அறிவியல் எழுத்தாளராக, கார்ல் சாகனைப் போல ஆக ஆசைப்பட்டவர் என்பதை நாம் எத்தனை தடவை பேசியிருக்கிறோம்? நம் பிள்ளைக்கு வேலை வேண்டும், இட ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்கிறோம். வேடிக்கை பார்க்கவும் வியக்கவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று கேட்க ஏனோ நமக்கே கூச்சமாக இருக்கிறது.

முதலில் கடலூர் கேப்பர் மலைக்குப் போனோம். அந்தச் செம்மணற்கல்லுக்கு உலக ஜியாலஜியில் 'கடலூர் மணற்கல்' என்றே பெயர். அதே பாறைவகையில்தான் திருவக்கரையின் கல்மரங்கள் கிடக்கின்றன; சுமார் 2 கோடி வருடப் பழையவை. அங்கே ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம். வரைந்துகொண்டு வந்தோம்.

அடுத்தது விருத்தாசலம் வழியாக அரியலூர் பக்கம், காரை. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த நிலம். சுருண்ட அம்மோனைட் ஓட்டின் அச்சு கையில் கிடைத்தபோது, "இது நத்தையா?" என்று கேட்டார்கள். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம் என்று தம்பி சொன்னான். கூடவே ஒரு கதையும் சொன்னான். 1840-களில் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களிலிருந்து தொல்லுயிர் எச்சங்களைச் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்து எழுதினார். ஒரு அம்மோனைட் இனத்தின் பெயரில் கே இன்றைக்கும் இருக்கிறார். வெயிலில் தோண்டியவர், கூடையில் சுமந்தவர் பெயரை நான் எந்த ஏட்டிலும் பார்த்ததில்லை.

ரயில் ஜல்லிக்கு வருகிறேன். அது சார்னோகைட் என்று தம்பி சொன்னான். அந்தப் பெயர் வந்த கதை இன்னும் விசேஷம். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை இருக்கிறது. அதன்மேல் கிடந்த கல்லை ஆராய்ந்த டி.எச். ஹாலண்ட் 1893-இல் அந்தப் பாறைவகைக்கே அவர் பெயரை வைத்தார். கல் போனது நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து. சார்னாக் அந்தக் கல்லுக்குச் செய்தது அதன் கீழே படுத்திருந்ததுதான்.

இதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் கல்லை வீட்டுக்கு எடுத்துப் போய் அவள் ஆயாவிடம் காட்டியிருக்கிறாள். ஆயா முன்பணம் வாங்கிய கடனுக்காக ஒரு குவாரியில் பதினோரு வருடம் ஜல்லி உடைத்தவர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். ஃபரிதாபாத் கல் குவாரித் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1983-இல். அப்போதும் ஆயா உடைத்துக்கொண்டுதான் இருந்தார். கல்லை வாங்கி இரண்டு புரட்டுப் புரட்டி, "கருங்கல்லுதான். இந்தப் பக்கமா அடிச்சா ஒரே அடியில பொளக்கும், அந்தப் பக்கம் அடிச்சா கைதான் போவும்" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் தம்பி லென்ஸ் வைத்துப் பார்த்தான். கனிமங்கள் வரிசை கட்டிய திசை ஆயா சொன்ன பக்கம்தான்.

எங்கள் சீட்டில் நான்கு வரிகள்: பெயர், இடம், தேதி, கண்டெடுத்தவர். 14-ஆம் எண் கல்லுக்கு அவள் கண்டெடுத்தவர் என்பதை அடித்துவிட்டு 'உடைத்தவர்' என்று எழுதி, ஆயாவின் முழுப் பெயரை எழுதினாள். அந்த ஜல்லியை ஆயாவா உடைத்தார் என்று நான் கேட்டேன். "இல்லன்னு யாராச்சும் சொல்லட்டும்ணா" என்றாள். அறிவியலாகச் சரியில்லைதான். நான் திருத்தவில்லை.

ஒரு கண்காட்சியில் முட்டை அட்டைகளை வைத்தோம். நடுவராக வந்தவர் 14-ஆம் எண்ணில் நின்றார்.

"உங்க சார் பேரப் போடும்மா. கல்லு உடைக்கிறவங்க பேரெல்லாம் இதுல எழுதுற வழக்கம் இல்ல."

"கல்லறையில படுத்திருந்தவர் பேரு மட்டும் வெக்கலாமா சார்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நடுவர் சிரிக்கவில்லை. பரிசும் வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவள் அழுதாள். நான் எதுவும் சொல்லவில்லை, பொட்டலம் கடலை வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் மறுபடியும் காரைக்குப் போகிறோம். ஆயாவும் வருகிறாராம். அங்கே நிழல் இருக்குமா என்று மட்டும் கேட்டனுப்பினார். நிழல் கிடையாது, குடை எடுத்துக்கொள்கிறோம். பத்தொன்பது பேருக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் இருக்கிறது. ஜியாலஜி படிக்கிற தம்பி தங்கைகள் யாருக்காவது அந்த ஞாயிறு ஓய்வாக இருந்தால், லென்ஸோடு வாருங்கள்.