வயிறு நிறைந்த ஆடு

சினை ஆட்டுக்குத் தீவனம் கூட்டினால் குட்டி பெருத்து, ஈனச் சிரமப்படுமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனாலேயே ஒரு தாய் ஆட்டை இழந்தேன்.

எங்களுக்குக் கோவில்பட்டி பக்கம் கரிசல் காடு. கன்னி ஆடுகள் வளர்க்கிறோம். ஐப்பசி மழையில் சேர்ந்த ஆடுகள் பங்குனியில் ஈனும். மாசியிலேயே அறுத்த காட்டில் கொறிக்க ஒன்றும் மிஞ்சாது. ஐந்து மாதச் சினையில் குட்டி பெரும்பங்கு வளர்வதோ கடைசி ஆறு வாரத்தில்தான்.

அது மூன்றாம் ஈத்துப் பால்கன்னி. ஈனப் பத்து நாள் இருக்கும்போது மந்தையில் பிந்தியது. கொழையை ஒரு வாய் கடித்துவிட்டு நின்றது. என் மனைவி கவலைப்பட்டாள். "வயிறு நிறைஞ்சுதான இருக்கு, விடு" என்றேன். வயிற்றை நிறைத்திருந்தது தீனி இல்லை, குட்டிகள். இரைப்பைக்கு இடமே இல்லை.

மறுநாள் பல்லை நறநறவென்று கடித்தது. அடுத்த நாள் படுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றினார். "தீனி பத்தாம உடம்புக் கொழுப்பைக் கரைக்குது அண்ணாச்சி. ரெண்டு நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம்" என்றார். விடியுமுன் செத்துப்போனது. அறுத்துப் பார்த்தோம், மூன்று குட்டிகள்.

இப்போது ஈன ஆறு வாரம் இருக்கும்போதே அடர்தீவனம் தொடங்கிவிடுகிறேன். உடைத்த மக்காச்சோளம் 40 பங்கு, கடலைப் புண்ணாக்கு 25, தவிடும் உளுந்துப் பொட்டும் 32, தாது உப்பு 2, சாதா உப்பு 1. நாளுக்கு 100 கிராமில் ஆரம்பித்து, ஈனும்போது 300 கிராம். காலை, மாலை எனப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். ஒரேயடியாகத் தானியம் கொட்டினால் செரிக்காமல் கழியும். கடலைக்கொடி, அகத்தி எப்போதும் உண்டு. வாசகர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது: சினை பிடித்த நாள் முதல் கொழுக்கவைத்த ஆட்டுக்கும் இதே நோய் வரும். அதற்காகக் கடைசி ஆறு வாரத்தில் கையை இறுக்கக் கூடாது.

ஈன்றதும் வெதுவெதுப்பான கருப்பட்டித் தண்ணீர். மூன்று நாள் குறைவாக வைத்து, பிறகு மெல்லக் கூட்டி, இரட்டைக் குட்டிக்காரிக்கு 400 கிராம் வரை போவேன்.

செத்த ஆட்டின் மகள் இந்தப் பங்குனியில் இரண்டு குட்டி போட்டது. தீவன நேரம் தவறினால் தொட்டியை முட்டுகிறது.