இரைச்சலுக்குள்ள ஒரு சுருதி

மயிலாப்பூர்ல இருந்துகிட்டு பிளாக் மெட்டல் கேக்குறேன்னு சொன்னா ரெண்டு கேள்வி கட்டாயம் வரும். "இதெல்லாம் ஒரு பாட்டா?" அப்புறம், "நீ என்ன சாத்தான் கோஷ்டியா?"

முதல் கேள்விக்கு நார்வேயின் டார்க்த்ரோன் போதும். 1991ல வெளிவந்த முதல் ஆல்பத்தை ஸ்டாக்ஹோம்ல நல்ல ஸ்டூடியோவுல பதிவு பண்ணினவங்கதான். 1994ல 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' வந்தப்ப, ஃபென்ரிஸ் ஒருத்தரே எல்லா வாத்தியமும் வாசிச்சு நாலு டிராக் ரெக்கார்டர்ல பதிஞ்சார். குரல் மட்டும் நாக்டர்னோ கல்டோ. பக்கத்து வீட்டு கேசட்டை சுவர் வழியா கேக்குற மாதிரி இருக்கும். வேணும்னே பண்ணினதுங்க! முதல் பத்து நிமிஷம் தலைவலி. அப்புறம் அந்த இரைச்சல் தம்புரா மாதிரி பின்னாடி போயிடும். உள்ளேருந்து ஒரு சோகமான மெட்டு மெல்ல எட்டிப் பாக்கும். டிசம்பர்ல சபா சபாவா ஏறி இறங்குற ஊருக்கு இது புரியாதா என்ன?

ரெண்டாவது கேள்விதான் இடிக்குது. 90கள்ல அங்கே சர்ச்சுகளை எரிச்சாங்க. 1993ல பர்ஸும் வர்க் விகர்னெஸ், மேஹெம் கிதாரிஸ்ட் யூரோனிமஸைக் கொன்னார். ஆள் வேற, பாட்டு வேறன்னு சொல்லிட்டுப் போக எனக்கு வாய் வரல. பர்ஸும் எனக்கு வேண்டாம். அவங்க சர்ச் மேல வச்ச கோபமும் கபாலி கோயில் மாட வீதியில நடக்குற எனக்கு ஒட்டாது. மிச்சம் இருக்கறது அந்த சத்தம் மட்டும்தான்.

அந்த சத்தத்துக்கு வேற உயிர் கொடுத்தவங்க சிங்கப்பூர் 'ருத்ரா'. 1992ல ஆரம்பிச்ச குழு. பாடி பேஸ் வாசிக்கிற கதிரேசன், வேதாந்தம் சொல்லிக் கொடுக்கிறவர். டெத், த்ராஷ், பிளாக் எல்லாம் கலந்த இசைக்குள்ள உபநிஷத்து! 2001 ஆல்பத்தோட பேர் 'தி ஆரியன் க்ரூசேட்'. வடமொழியில ஆர்யன்னா மேன்மையானவன். ஆனாலும் ஐரோப்பாவுல அந்த வார்த்தைக்கு ஒரு ரத்தக்கறை, தமிழ்நாட்டுல வேற ஒரு நூறு வருஷ சண்டை. எனக்கே அந்தப் பேர் உறுத்தும். இசை உறுத்தல.

ஒரு நாள் ஸ்பீக்கர்ல போட்டேன். "ஸ்லோகத்தை ஏண்டா இப்படி கத்துறான்?"ன்னாங்க அம்மா. "ருத்ரன் பின்ன எப்படிம்மா பாடுவார்?"னேன். அடுத்த பாட்டு வரைக்கும் நின்னு கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் சவுண்டைக் குறைக்கச் சொன்னாங்க.

புதுசா கேக்கறவங்க 2005ல வந்த 'பிரம்மவித்யா: ப்ரைமார்டியல் ஐ'ல ஆரம்பிங்க. ராத்திரி, ஹெட்ஃபோன்ல. பத்து நிமிஷம் மட்டும் பொறுத்துக்குங்க.