நாமும் நாங்களும்

திருவொற்றியூரில் வளர்ந்தவர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே தொழிற்சாலை. நம் தந்தையார் மணலிப் பக்கத்துத் தொழிற்கூடம் ஒன்றில் முப்பதாண்டுகள் வேலை பார்த்தார். மாலையில் அவர் சட்டையில் வீசிய எண்ணெய் வாடையைத்தான் சிறுவயதில் நாம் உழைப்பின் வாசனை என்று எண்ணியிருந்தோம். அந்தச் சம்பளத்தில் முதுகலைத் தமிழ் படித்தோம். இன்று கல்லூரி ஒன்றில் நெய்தல் திணை நடத்துகிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வளர்ச்சியைப் பற்றிக் கீழே எழுதப்போவதெல்லாம் அந்த வளர்ச்சியின் சோற்றை உண்டவர் எழுதுவது.

2021 ஜனவரியில், இறுதியாண்டு மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றார். எண்ணூருக்கு வடக்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையார் மீனவர். கையில் நான்காக மடித்த தாள்.

"ஐயா, ஒரு மனு எழுதியிருக்கோம். தமிழைக் கொஞ்சம் திருத்திக் கொடுங்க."

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் குறித்து அம்மாதம் 22ஆம் நாள் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்திருந்தார்கள். அதில் கொடுப்பதற்கான மனு.

அவ்விடத்தை அறியாத வாசகர்களுக்குச் சில செய்திகள். கொசத்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரம் வரை நீண்டு கிடக்கும் மணல்திட்டே காட்டுப்பள்ளித் தீவு. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். தொண்ணூறுகளில் இப்பகுதிக்கு வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் காமராசர் துறைமுகம். பின்னர்க் கப்பல் கட்டும் தளமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தன; காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்திடமிருந்த அத்துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கர்த் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிப்பது புதிய திட்டம். அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்துப் பெறவேண்டிய நிலம். செலவு 53,400 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது.

மனுவைத் திருத்தினோம். ஒற்றுப்பிழைகள், எழுவாய் பயனிலைப் பொருத்தம். ஓரிடத்தில் மட்டும் பிழை திருத்தும் எல்லையைத் தாண்டினோம். 'நாங்கள் இக்கடலை நம்பி வாழ்கிறோம்' என்றிருந்ததை 'நாம்' என்று மாற்றினோம். ஒரு குப்பத்தின் குரலாக இல்லாமல் வடசென்னை முழுவதன் குரலாக ஒலிக்கட்டுமே என்பது நம் எண்ணம். மாணவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தயங்கிச் சொன்னார்:

"ஐயா, 'நாம்'னு போட்டா நீங்களும் உள்ளே வந்துடுறீங்க. கையெழுத்துப் போடுவீங்களா?"

இலக்கணம் கற்பிப்பவருக்கு இலக்கணம் சொல்லப்பட்டது. 'நாம்' கேட்பவரையும் உள்ளே அழைத்துக்கொள்ளும். 'நாங்கள்' கேட்பவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசும். உலகின் பல மொழிகளில் இல்லாத இந்த வேறுபாட்டைத் தமிழின் சிறப்பென்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டி வந்திருக்கிறோம். அன்று அரசு உதவிபெறும் கல்லூரிச் சம்பளமும், முடியாத வீட்டுக்கடனும், வீட்டில் வேலை தேடிக்கொண்டிருந்த தம்பி மகனும் நினைவுக்கு வந்தார்கள். 'நாம்' என்பதை அடித்துவிட்டு 'நாங்கள்' என்றே எழுதிக் கொடுத்தோம். கையெழுத்து இடவில்லை.

பெருந்தொற்றைக் காரணம் காட்டி அக்கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. நம் மனத்தில் அது தள்ளிப்போகவில்லை.

அக்காலத்தில் சாகோஸ் தீவுகளைப் பற்றித் தேடித்தேடிப் படித்துக்கொண்டிருந்தோம். இந்தியப் பெருங்கடலின் நடுவே சிதறிக் கிடக்கும் சிறு தீவுகள் அவை. ஆப்பிரிக்க அடிமைகளின் வழியினரும் இந்தியக் கூலிகளின் வழியினரும் அங்கே கொப்பரை உலர்த்தி, எண்ணெய் ஆட்டி வாழ்ந்தார்கள். நம் சென்னைத் துறையிலிருந்து மொரீசியசுக்குக் கப்பலேறியவர்களின் கதையோடு சேர்த்துப் படிக்கவேண்டிய கதை. 1965இல், மொரீசியஸ் விடுதலை பெறுவதற்கு மூன்றாண்டு முன்னதாக, பிரிட்டன் அத்தீவுகளைத் தனியே பிரித்தெடுத்தது. தியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைவதற்காக 1968க்கும் 1973க்கும் இடையில் தீவினர் அனைவரும் அகற்றப்பட்டனர். அவர்கள் நிலையான குடிகள் அல்லர், ஒப்பந்தத்தில் வந்துபோகும் கூலிகள் என்று உலகுக்குச் சொல்லப்பட்டது. ஆளில்லாத தீவென்றால் யாரிடமும் கேட்கவேண்டியதில்லையே.

குடியேற்ற நாடுகளின் விடுதலை குறித்து ஐ.நா. பொதுச்சபை 1960 டிசம்பர் 14 அன்று நிறைவேற்றிய 1514ஆம் தீர்மானத்தில் ஒரு கூறு உண்டு. பொருளாதாரத்திலோ கல்வியிலோ ஒரு மக்கள் போதிய ஆயத்தம் பெறவில்லை என்பதை விடுதலையைத் தாமதப்படுத்தும் சாக்காக ஆக்கலாகாது என்பது அதன் பொருள். முதலில் வளர்ச்சி, பிறகு உரிமை என்னும் வரிசையை அத்தீர்மானம் மறுத்தது. 2019இல் பன்னாட்டு நீதிமன்றம் சாகோசைப் பிரித்தது சட்டப்படி முறையன்று என்று கருத்துரைத்தது. 2025 மே மாதத்தில், தீவுகளின் இறையாண்மையை மொரீசியசுக்கு அளித்துப் படைத்தளத்தை மட்டும் 99 ஆண்டுக் குத்தகைக்கு வைத்துக்கொள்ளும் உடன்படிக்கையில் பிரிட்டன் கையெழுத்திட்டது. அப்போதும் சாகோசியர் பலர் எழுப்பிய முறையீடு ஒன்றே: இரண்டு அரசுகள் பேசிக்கொண்டன, எங்களை யாரும் கேட்கவில்லை.

காட்டுப்பள்ளி சாகோஸ் அன்று. இங்கே வாக்குரிமை உண்டு, ஊராட்சி உண்டு, நீதிமன்றம் உண்டு. ஒப்புமையை அதற்கு மேல் நீட்டுவது நேர்மையாகாது. ஆயினும், தொலைவிலிருப்பவர் தம் 'நாம்' என்னும் சொல்லுக்குள் ஒரு சிற்றூரை அதன் இசைவின்றி அடக்கிக்கொள்வது இரண்டிடத்தும் நடக்கிறது. 'நம் நாட்டின் வளர்ச்சி' என்னும்போது அந்த 'நம்' வளர்ச்சியின் பயனைப் பெறுவோரையும் விலையைக் கொடுப்போரையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிடுகிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடத்தப்படுவது கருத்துக்கேட்புதான். மக்கள் சொல்வது பதிவாகும். அவர்களின் இசைவு பெற்றால்தான் திட்டம் என்று விதியில்லை.

முடிவெடுக்கத் தெரியாத மக்களும் அல்லர் அவர்கள். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை வழங்கி வந்திருக்கிறது. எந்தத் துறையில் எந்த நாளில் எவர் வலையிடுவது என்பதை ஊரார் கூடிச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துக்கொள்வார்கள். நல்ல துறை ஒருவரிடமே தங்கிவிடாது. பொருளாதாரத் திட்டமிடல் என்று நூல்கள் சொல்வதன் சிறு வடிவம்தானே இது? அந்த 'நாங்கள்' என்ற சொல்லிலும் விடுபட்டவர்கள் உண்டு. கழியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்குப் பாட்டில் இடமில்லை. எந்த 'நாங்கள்' ஆனாலும் உள்ளே யாரில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் போலும்.

2023 ஆகஸ்டில் அம்மாணவர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, மறுபடியும் தேதி குறிச்சிட்டாங்க. செப்டம்பர் அஞ்சு."

ஆசிரியர் தினம். இம்முறை கேட்பதற்கு முன்பே, கையெழுத்திடுகிறோம் என்றோம். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

"நீங்க போடுங்கய்யா. அப்பா போடுவாரு. என்னாலதான் முடியாது. இப்போ ஒரு கண்டெய்னர் யார்டுல வேலை பார்க்கிறேன், காண்டிராக்ட்ல. பேர் வெளியே தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவாங்க."

மேலும் சொன்னார்: "வேலை வேணாம்னு சொல்லலைங்க ஐயா. அது இருக்கிறதாலதான் தங்கச்சி படிக்குது. எங்களைக் கேட்டுட்டுச் செய்யட்டும்னுதான் சொல்றோம்."

இரண்டரை ஆண்டுக்கு முன் நமக்கிருந்த அச்சம் இப்போது அவரிடம் போயிருந்தது. நம் தந்தையார் கொண்டுவந்த சம்பளம் நம்மை எழுத்தறிவித்தது, வாயையும் கட்டியது. இப்போது அவர் சம்பளம் அவருடைய தங்கையைப் படிக்கவைக்கிறது. வளர்ச்சி பொய்யென்று சொல்ல நமக்கு வாயில்லை. அது வந்த பிறகு கேள்வி கேட்பது மேலும் கடினமாகிவிடுகிறது என்பதை மட்டும் சொல்லலாம். கேட்கவேண்டிய காலம் அது வருவதற்கு முன்புதான்.

தனித்தாளில் நம் பெயரும் முகவரியும் இட்டு ஒரு கடிதம் எழுதினோம். 'அவர்கள் கேட்பதை அருளுக' என்று தொடங்கி, அடித்துவிட்டு, 'நாமும் கேட்கிறோம்' என்று எழுதினோம். செப்டம்பர் 5 கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டது.

அவ்வாண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பெருகி வந்து எண்ணூர்க் கழியில் படர்ந்தது. படகுகளும் வலைகளும் கருத்தன. மீனவர்கள் வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் யாரும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தவில்லை. ஒரு மாலை முகத்துவாரத்திற்குப் போய் நின்றோம். அந்த வாடை புதிதாக இல்லை. தந்தையார் சட்டையில் நாம் முகம் புதைத்து அறிந்த வாடைதான். அவர் மறைந்து பதினோராண்டுகள் ஆகியிருந்தன.